தக்கோலத்தில் சோழரைச் சாய்த்தது ஒரே ஓர் அம்பா?

கேள்வி இதுதான்: 949-இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் மேல் அம்பு பாய்ந்தது, படை சிதறியது, சோழ நாடே சாய்ந்தது என்கிறார்கள். ஒருத்தன் விழுந்ததற்காக அவ்வளவு பெரிய படை தோற்றுப்போகுமா? இல்லை, இது பிற்பாடு கட்டிய கதையா?

கதை இல்லை. ராஜாதித்தன் யானை மேலேயே உயிர்விட்டான் என்பதைச் சோழர்களே ஒப்புக்கொண்டு செப்பேட்டில் வெட்டி வைத்திருக்கிறார்கள். தோற்ற தரப்பே சொல்கிற சங்கதியைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. தலைவன் விழுந்தால் படை கலைவதும் அந்தக் காலத்தில் சகஜம்தான். ஆனால் அம்பு முடித்து வைத்தது அன்றைய சண்டையை மட்டும். தோல்விக்கு விதை விழுந்தது அதற்கு 38 ஆண்டுகள் முன்னால். அம்பு பட்டும் தோற்காத ஒரு போரும் சோழர் வரலாற்றிலேயே இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்கும்.

முதலில் சான்றுகள். தக்கோலப் போரைப் பற்றிய மிகப் பழைய சாட்சி எது தெரியுமா? ஒரு நாய்க்கு எடுத்த நடுகல்.

கர்நாடகத்தில் மாண்டியா மாவட்டத்தில் ஆதகூர் என்றொரு ஊர். அங்கே கிடைத்த கல் அது, இப்போது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கல்லில் ஒரு நாயும் காட்டுப்பன்றியும் கட்டிப் புரள்கிற சிற்பம். அதோடு கன்னட எழுத்து. தென் கர்நாடகத்தை ஆண்ட கங்க மரபின் மன்னன் இரண்டாம் பூதுகனிடம் மணலேரன் என்று ஒரு வீரன் இருந்தான். தக்கோலத்தில் அவன் காட்டிய தீரத்தைப் பார்த்து, ‘என்ன வேண்டும் கேள்’ என்றான் அரசன். பொன்னோ நிலமோ கேட்டிருக்கலாம். அவன் கேட்டது ‘காளி’ என்ற வேட்டை நாயை. வாங்கிக்கொண்டு போனான். அப்புறம் ஒரு வேட்டையில் பெரிய பன்றி ஒன்றின் மேல் காளியை ஏவிவிட்டார்கள். இரண்டும் ஒன்றையொன்று கொன்று செத்துப்போயின. மனம் தாங்காமல் மணலேரன் ஊர்ச் சிவன் கோயிலுக்கு முன்னால் காளிக்குக் கல் நட்டு, அதற்குப் பூசை செய்ய நிலமும் விட்டான். கோயிலைப் பார்த்துக்கொள்கிற குரவர் அந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் சாப்பிட்டால் பாவம் என்று கடைசியில் ஓர் எச்சரிக்கையும் உண்டு.

அந்தக் கல்லில் போகிற போக்கில்தான் போர்ச்செய்தி வருகிறது. சக ஆண்டு 872, அதாவது கி.பி. 949-50. தக்காணத்தை ஆண்ட ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் (நம் கல்வெட்டுகளில் கன்னரதேவன்) சோழன் ராஜாதித்தன் மேல் படையெடுத்துத் தக்கோலத்தில் பொருதான், ராஜாதித்தனைக் கொன்றவன் பூதுகன், அதற்குப் பரிசாகக் கிருஷ்ணன் அவனுக்குப் பனவாசி 12000, பெள்வொல 300, புரிகெரெ 300, கிசுகாடு 70, பாகெநாடு 70 ஆகிய நாடுகளைக் கொடுத்தான் என்று எழுதியிருக்கிறது. (எண்கள் அந்தந்த நாட்டுப் பிரிவின் பெயரோடு ஒட்டியே வருகிறவை.) வேடிக்கை என்னவென்றால், பனவாசி நீங்கலாக மற்ற நான்கும் பூதுகன் கிருஷ்ணனின் அக்காளோ தங்கையோ ஆன ரேவகநிம்மடியைக் கட்டியபோது வந்த சீதனம் என்று வேறொரு கன்னடக் கல்வெட்டு சொல்கிறது. மாமனார் வீட்டுச் சீர், போர்ப்பரிசு என்று ஒரே சொத்துக்கு இரண்டு கணக்கு. எப்படியிருந்தாலும் பெள்வொல என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இந்தக் கல்லை முதன்முதலில் படித்தபோது, பூதுகன் ராஜாதித்தனை வஞ்சகமாகக் கத்தியால் குத்திக் கொன்றான் என்று பொருள் கொண்டார்கள். பிறகு எழுத்தைத் திருத்தி வாசித்ததில் ‘அம்பாரியையே போர்க்களமாக்கி’ என்று பொருள் மாறியது. அதாவது யானை மேலேயே நேருக்கு நேர் நடந்த மோதல். ஆனால் வஞ்சகக் கதை போகவில்லை. இன்றைக்கும் சிலர் அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தோற்றவர்களுக்கு ஆறுதலான கதை இல்லையா, லேசில் விட மனசு வராது.

சோழர் தரப்புச் சாட்சி ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து வருகிறது. ராஜேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு ஒன்று. நெதர்லாந்தின் லெய்டன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்று பெயர் வாங்கிய ஆனைமங்கலச் செப்பேடு இன்னொன்று. சூரிய குலத்துக்கு அணியான ராஜாதித்தன் கிருஷ்ணராஜனையும் அவன் படையையும் கலங்கடித்தான், பெரிய யானையின் முதுகில் இருந்தபோது கூரிய அம்புகள் நெஞ்சைப் பிளக்க வீரசுவர்க்கம் போனான் என்கிறது லெய்டன் செப்பேடு. பூதுகன் பெயர் அதில் வராது. சிற்றரசன் ஒருத்தன் கையால் சாவதைவிடப் பேரரசனின் அம்பால் சாவது மரியாதை. ஆக இரண்டு தரப்பும் ஒத்துப்போகிற இடம் ஒன்றுதான்: யானை. சோழர் வழக்கில் ராஜாதித்தனுக்கு ‘யானைமேல் துஞ்சின’ என்ற அடைமொழியே நிலைத்துவிட்டது.

இந்தத் ‘துஞ்சின’ என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. சோழர் கல்வெட்டில் அரசர்கள் சாவதில்லை, எங்காவது துஞ்சுவார்கள். முதலாம் ஆதித்தன் தொண்டைமானாற்றூர் துஞ்சின உடையார். அரிஞ்சயன் ஆற்றூர் துஞ்சின தேவர். சுந்தர சோழன் பொன்மாளிகைத் துஞ்சின தேவர். படுக்கையில் துஞ்சியவனுக்கும் அம்பாரியில் துஞ்சியவனுக்கும் ஒரே வினைச்சொல். இடம் மட்டும்தான் மாறும்.

சரி, சண்டை ஏன் வந்தது?

இது ஒரு குடும்பத் தகராறில் தொடங்கியது. ராஜாதித்தனின் அப்பா முதலாம் பராந்தகன். பராந்தகனின் அப்பா முதலாம் ஆதித்தன் ராஷ்டிரகூட இளவரசி இளங்கோன் பிச்சியை மணந்திருந்தான். அவளுக்குப் பிறந்த மகன் பெயரும் கன்னரதேவன். ஆனால் 907-இல் பட்டத்துக்கு வந்தவன் பராந்தகன். பேரனுக்கு அரசு இல்லை என்றதும் ராஷ்டிரகூட மன்னன் இரண்டாம் கிருஷ்ணன் படையோடு வந்தான். 911-ஐ ஒட்டி வல்லாளத்தில், அதாவது இன்றைய திருவல்லத்தில் சண்டை. வந்தவர்களுக்குத் துணை நின்றவர்கள் வாணர், வைதும்பர் போன்ற எல்லைப்புறச் சிற்றரசர்கள். பராந்தகனுக்குத் துணை நின்றவன் கங்க மரபின் ஒரு கிளையைச் சேர்ந்த இரண்டாம் பிருதிவீபதி. சோழர் ஜெயித்தார்கள். பராந்தகனுக்கு வீரசோழன் என்ற பட்டம்.

ஜெயித்த பிறகு செய்ததுதான் கவனிக்க வேண்டியது. வாணர்களை அடியோடு பெயர்த்துவிட்டு அவர்கள் நாட்டைப் பிருதிவீபதியிடம் கொடுத்து, ‘வாணாதிராசன்’ என்ற பட்டத்தையும் கட்டினான் பராந்தகன். வைதும்பருக்கும் நாடு போனது. ஊரை இழந்த இந்தச் சிற்றரசர்கள் எங்கே போவார்கள்? நேரே ராஷ்டிரகூடர் வாசலுக்குத்தான். பாலாற்றுக்கு வடக்கே, பொன்னையாற்றங்கரையில் ஒவ்வொரு கணவாயும் ஒவ்வொரு ஆற்றுத்துறையும் தெரிந்தவர்கள் அவர்கள். படையெடுத்து வருகிறவனுக்கு ஆயிரம் குதிரையைவிட வழி தெரிந்த ஒருத்தன் மேல்.

பராந்தகனோ தெற்கே மும்முரமாக இருந்தான். மதுரையைப் பிடித்தான். பாண்டியன் இராசசிம்மனையும் அவனுக்கு உதவ வந்த ஈழப்படையையும் வெள்ளூரில் முறித்தான். ‘மதுரையும் ஈழமும் கொண்ட கோப்பரகேசரி’ என்ற பட்டம் அப்படி வந்தது. ஆனால் இராசசிம்மன் போகிற வழியில் பாண்டியர் மணிமுடியை இலங்கையில் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டான். முடி இல்லாமல் மதுரையில் முடிசூட முடியாதே. 940-களில், தன் கடைசிக் காலத்தில், பராந்தகன் அந்த முடிக்காகவே ஈழத்துக்குப் படை அனுப்பினான். இலங்கை மன்னன் நான்காம் உதயன் முடியைத் தூக்கிக்கொண்டு தீவின் தென்கோடியான ரோகணத்துக்கு ஓடிவிட்டான். வெறுங்கையோடு திரும்பியது படை. வடக்கே இடி இடித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு கிரீடத்தைத் தேடிக் கடல் தாண்டிய அந்த முடிவு எனக்கு இன்றுவரை புரிவதில்லை. (முடி கடைசியில் ராஜேந்திரன் கைக்குத்தான் வந்தது, எழுபது ஆண்டுகள் கழித்து.)

939-இல் மூன்றாம் கிருஷ்ணன் ராஷ்டிரகூட அரியணை ஏறினான். தலைக்காட்டுக் கங்கரில் மூத்தவன் இராசமல்லனைத் தீர்த்துவிட்டுப் பூதுகன் அரசனானதும் கிருஷ்ணனின் தயவில்தான். இந்தப் பக்கம் சோழருக்கு எல்லைக் காவலாக இருந்த பிருதிவீபதி மறைந்தான். அவன் இடத்தில் உட்கார ஆள் இல்லை. ஆக 911-இல் இருந்த கணக்கு அப்படியே தலைகீழ். அன்று சோழர் பக்கம் ஒரு கங்கன். இன்று எதிரியின் பக்கம் கங்க நாடே.

பராந்தகனுக்கு இது தெரியாமல் இல்லை. அதற்காகத்தான் மூத்த மகன் ராஜாதித்தனைத் திருமுனைப்பாடி நாட்டுக்கு அனுப்பியிருந்தான். சுந்தரர் பிறந்த திருநாவலூர்தான் அவனுடைய பாளையம். ஊருக்கே ராஜாதித்தபுரம் என்று பெயர் விழும் அளவுக்குப் பல ஆண்டுகள் அங்கே இருந்திருக்கிறான். அவன் தாய் கோக்கிழானடிகளும் அங்கே இருந்திருக்கிறாள். அந்தப் படையில் மலைநாட்டுக்காரர்கள், அதாவது இன்றைய கேரளத்தார், நிறையப் பேர். அவர்கள் கோயிலுக்கு விட்ட விளக்குகளும் ஆடுகளும் கல்வெட்டில் இருக்கின்றன. படைத்தலைவன் வெள்ளங்குமரன் மலைநாட்டுப் புத்தூர்க்காரன். பெண்ணையாற்றங்கரையில் கிராமம் என்ற ஊரில் 943-இல் கற்கோயில் எடுத்தான். சண்டை வரும் வரும் என்று காத்திருந்த படை, காத்திருந்த ஊரிலேயே குடும்பம் நடத்திக் கோயிலும் கட்டிவிட்டது. வீராணம் ஏரியை இந்தப் படைதான் வெட்டியது என்று ஒரு வழக்கும் உண்டு. செவிவழிச் செய்தி அது. பெயர் மட்டும் உறுதியாகப் பராந்தகனுடையது: வீரநாராயணன் என்ற பட்டத்திலிருந்து வந்த வீரநாராயணன் ஏரி.

இப்போது தக்கோலம். அரக்கோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய ஊர். ஞானசம்பந்தர் பாடிய திருவூறல் இதுதான். ராஷ்டிரகூடர் வடமேற்கிலிருந்து இறங்கிக் காஞ்சிக்குப் போக வேண்டுமென்றால் இந்தப் பக்கம் வந்தாக வேண்டும். காஞ்சி விழுந்தால் தொண்டை நாடு போச்சு. அதனால்தான் சோழப் படை நாவலூரிலிருந்து இவ்வளவு தூரம் வடக்கே போய் மறித்தது.

லட்சம் பேர் மோதினார்கள், இத்தனை ஆயிரம் யானை என்றெல்லாம் இணையத்தில் உலவுகிற எண்களை நம்பாதீர்கள். மேலே சொன்ன கல்லிலும் செப்பேடுகளிலும் படை எண்ணிக்கை என்று ஒன்றும் கிடையாது. கிருஷ்ணன் படை முதலில் கலங்கியது என்று சோழர் சொல்வதில் உண்மை இருக்கலாம் என்றே நினைக்கிறேன். ஏனென்றால் அவ்வளவு நெருக்கத்தில் பூதுகன் இளவரசனின் யானையை அடைந்திருக்கிறான் என்றால், ராஜாதித்தன் பின்னால் பத்திரமாக நின்றிருக்க முடியாது. முன்னேறி வந்திருக்கிறான்.

யானை மேல் ஏறிய தலைவன் எப்படி இருப்பான் என்று கொஞ்சம் யோசியுங்கள். தரையில் நிற்கிறவன் கண்ணுக்குத் தூசியும் முன்னால் நிற்பவன் முதுகும்தான் தெரியும். தூசிக்கு மேலே தெரிகிற ஒரே விஷயம் யானையும் அதன் மேல் குடையும் கொடியும். குடை நகர்ந்தால் நாமும் நகர வேண்டும். குடை நின்றால் நிற்க வேண்டும். குடை சாய்ந்தால்? உத்தரவு போடுகிற வாய், கேட்கிற காது, பார்க்கிற கண் எல்லாம் அந்த ஒரு அம்பாரியில்தான். நம் ஆட்களுக்குத் தெரிகிற அதே குடை எதிரி வில்லாளிக்கும் தெரியும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். குதிரையில் இருக்கிறவன் கூட்டத்தில் மறைந்துவிடலாம். அம்பாரியில் இருக்கிறவன் எங்கே மறைவான்?

இன்னொன்றும் உண்டு. ‘சோழப் படை’ என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது பல கூட்டங்களின் சேர்க்கை. சிற்றரசன் கூட்டிவந்த ஆட்கள், மலைநாட்டு வீரர்கள், இளவரசனுக்கென்றே உயிரைக் கொடுக்கச் சபதம் செய்த பரிவாரம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் கடமை தன் தலைவனிடம். எல்லாத் தலைவர்களையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருந்த முடிச்சு ராஜாதித்தன். முடிச்சு அவிழ்ந்ததும் ஒவ்வொருத்தனும் தன் ஆட்களைக் காப்பாற்றிக்கொண்டு ஊர் திரும்பப் பார்ப்பான். கோழைத்தனம் என்று இதைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அதற்கு மேல் யாரிடம் கேட்பது என்று தெரியாது.

இது நம்மூர்க் கோளாறு மட்டும் இல்லை. 1556-இல் இரண்டாம் பானிபட்டில் ஜெயித்துக்கொண்டிருந்த ஹேமுவின் கண்ணில் அம்பு பாய்ந்தது. யானை மேல் அவன் சரிந்ததைப் பார்த்துப் படை கலைந்தது. 1658-இல் சாமுகரில் தாரா ஷிகோ யானையிலிருந்து இறங்கிக் குதிரையில் ஏறினான், அவ்வளவுதான். அம்பாரி காலி என்று பார்த்த படை அவன் செத்துவிட்டான் என்று எண்ணி ஓடியது. இங்கிலாந்தில் 1066-இல் ஹேஸ்டிங்ஸ் போரில் நார்மன் கோமகன் வில்லியம் இறந்துவிட்டான் என்று வதந்தி கிளம்பியபோது அவன் தலைக்கவசத்தை மேலே தூக்கி முகத்தைக் காட்டிக்கொண்டே ஓடியவர்களைத் திருப்பினான். குதிரையில் இருந்ததால் அது முடிந்தது.

செத்தவனைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். உயிரோடு திரும்பியவன் ஒருத்தனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராஜாதித்தனுக்கு நெருங்கிய நண்பனாகவும் சாமந்தனாகவும் (அவனுக்கு அடங்கிய தலைவனாகவும்) ஒரு கேரளத்தான் இருந்தான். கூடவே சாக வேண்டியவன். தலைவனோடு களத்தில் சாகும் பேறு தனக்குக் கிடைக்கவில்லையே என்ற வெட்கம் அவனை விடவில்லை. கங்கையில் போய் முழுகினான். திரும்பி வந்து திருவொற்றியூரில் நிரஞ்சன குருவிடம் தீட்சை வாங்கித் துறவியானான். சதுரானன பண்டிதர் என்று பெயர். பிற்பாடு அந்த மடத்துக்கே தலைவர் ஆனார். மாதந்தோறும் அவிட்ட நாளில் சிறப்பு வழிபாடு நடக்கப் பொன் கொடுத்திருக்கிறார். இந்த விவரமெல்லாம் திருவொற்றியூர்க் கல்வெட்டில் இருக்கிறது. அந்தக் கல்வெட்டில் போட்டிருக்கும் ஆட்சியாண்டு யாருடையது? கன்னரதேவனுடையது. நண்பனைக் கொன்ற அரசனின் ஆட்சியாண்டைப் போட்டுத்தான் அவர் தன் கதையைக் கல்லில் வெட்ட வேண்டியிருந்தது. தக்கோலத் தோல்வி என்றால் என்ன என்பதை இதைவிட நன்றாகக் காட்டுகிற சான்று வேறு இல்லை என்பேன்.

சரி, சோழ நாடு சாய்ந்ததா?

பாதிக்கு மேல் சாய்ந்தது. கிருஷ்ணன் ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட’ என்று பட்டம் போட்டுக்கொண்டான். கச்சி உண்மை. காஞ்சியைச் சுற்றி, வட ஆர்க்காட்டில், தென்னார்க்காட்டில் எல்லாம் அவன் கல்வெட்டுகள் கிடைக்கின்றன. ராஜாதித்தன் வருடக்கணக்கில் காவல் காத்த பெண்ணையாற்றுப் பகுதியும் அதில் சேர்த்தி. தஞ்சை விஷயம் வேறு. காவிரிக் கரைச் சோழ மண்டலத்தில் அவன் ஆட்சியாண்டு போட்ட கல்வெட்டுகள் கிடையாது. போய்க் கொள்ளையடித்துத் திரும்பியிருக்கலாம், உட்கார்ந்து ஆளவில்லை.

தெற்கும் கைவிட்டுப் போனது. பாண்டியன் ஒருத்தன் ‘சோழன் தலைகொண்ட வீரபாண்டியன்’ என்று பட்டம் வைத்துக்கொண்டு கிளம்பினான். 955 வாக்கில் பராந்தகன் கண்மூடினான். தில்லை அம்பலத்துக்குப் பொன் வேய்ந்தவன், உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டில் ஆட்சியாண்டு போட்டுக்கொண்டவன், கடைசியில் தன் அப்பாவிடமிருந்து வாங்கியதைவிடச் சின்ன நாட்டைத்தான் விட்டுப் போனான். வாரிசாக வளர்த்த மூத்தவன் இல்லாததால் அடுத்த முப்பது ஆண்டுகள் அரியணை கண்டராதித்தன், அரிஞ்சயன், சுந்தர சோழன், உத்தம சோழன் என்று கிளை மாறிக் கிளை தாவியது. இடையில் இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை வேறு. ராஜாதித்தன் உயிரோடு இருந்து அவன் வழியே பட்டம் போயிருந்தால் ராஜராஜன் என்று ஓர் அரசன் வந்திருக்கவே மாட்டான். வரலாற்றில் ‘இருந்தால்’ போடுவது வீண் வேலை, ஆனாலும் தக்கோலத்தைப் பற்றிப் பேசும்போது அந்த ஆசையை அடக்குவது கஷ்டம்.

சோழர் திரும்ப எழுந்ததற்கு அவர்கள் வீரம் பாதிக் காரணம் என்றால், எதிரி வீட்டில் விழுந்த இடி மீதிக் காரணம். 967-இல் கிருஷ்ணன் இறந்தான். 972-இல் மாளவத்துப் பரமாரன் சீயகன் ராஷ்டிரகூடத் தலைநகர் மான்யகேடத்தைக் கொள்ளையடித்தான். அடுத்த ஆண்டே சாளுக்கியன் இரண்டாம் தைலபன் அந்த அரசையே முடித்துவிட்டான். தக்கோலத்தில் ஜெயித்த அரசு கால் நூற்றாண்டுக்குள் இல்லாமலே போனது. தோற்ற அரசு அதற்கப்புறம் முந்நூறு ஆண்டுகள் இருந்தது.

இனி, அம்பு பட்டும் தோற்காத அந்தப் போர். 1054, கொப்பம். ராஜேந்திரனின் மகன் ராஜாதிராஜன் சாளுக்கியன் ஆகவமல்லன் சோமேசுவரனோடு மோதிய களம். தக்கோலத்தின் மறுபதிப்பு மாதிரியே தொடங்கியது. சாளுக்கிய வில்லாளிகள் எல்லோரும் சோழ அரசனின் யானையைக் குறிவைத்தார்கள். ராஜாதிராஜன் அம்பாரியிலேயே உயிர்விட்டான். ‘யானைமேற்றுஞ்சியருளின’ என்று அவனுக்கும் அதே அடைமொழி. படை பின்வாங்கத் தொடங்கியது. தக்கோலத்தில் கதை இங்கே முடிந்தது.

கொப்பத்தில் முடியவில்லை. தம்பி இரண்டாம் ராஜேந்திரன் இன்னொரு யானையில், கைக்கெட்டும் தூரத்தில், தனிப் படையோடு நின்றுகொண்டிருந்தான். ஓடியவர்களை மறித்து உள்ளே புகுந்தான். அவன் யானையின் மத்தகத்தில் அம்புகள் தைத்தன. அவன் தோளிலும் தொடையிலும் அம்பு. கூட யானையேறி வந்தவர்கள் விழுந்தார்கள். அவன் இறங்கவில்லை. ஆகவமல்லனின் தம்பி ஜயசிங்கன் உட்படப் பல தலைகள் உருண்டன. எதிரியின் யானை, குதிரை, பண்டாரம் எல்லாம் பிடிபட்டன. அந்தக் களத்திலேயே, காயத்தோடு, ராஜேந்திரன் முடிசூட்டிக்கொண்டான். ‘விஜயாபிஷேகம் பண்ணி’ என்று அவன் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் புகழுரை, சொல்வது அதைத்தான். குடை சாய்ந்த கொஞ்ச நேரத்துக்குள் இன்னொரு குடை எழுந்தது. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஆக இரண்டு களத்திலும் அம்பு ஒன்றுதான், யானை ஒன்றுதான், சோழர் ரத்தம் ஒன்றுதான். தக்கோலத்தில் இரண்டாம் யானை இல்லை. ராஜாதித்தனுக்குத் தம்பிகள் இருந்தார்கள், கண்டராதித்தன், அரிஞ்சயன், உத்தமசீலி என்று. அந்த இடத்தில் நின்று படையைத் திருப்பியதாக ஒருத்தர் பெயரையும் செப்பேடுகள் சொல்லவில்லை. அப்படி நடந்திருந்தால் சோழப் புலவர்கள் அதை விட்டிருக்க மாட்டார்கள். சோழர் பிற்காலத்தில் உயிரோடு இருக்கும்போதே இளவரசனுக்குப் பட்டம் கட்டி ஆட்சியிலும் படையிலும் பங்கு கொடுத்து வைத்தது இதற்கெல்லாம் நல்ல மருந்தாக அமைந்தது. ராஜராஜனே ராஜேந்திரனுக்கு அப்படிச் செய்தான்.

பெள்வொல என்ற பெயரை நினைவில் வைக்கச் சொன்னேனே. கொப்பத்துக்கு வருவதற்குள் ராஜாதிராஜன் அந்த நாட்டுக்குள் புகுந்து சமணக் கோயில்களை எரித்தான் என்று 1071-ஐ ஒட்டிய ஒரு சாளுக்கியக் கல்வெட்டு குற்றம் சாட்டுகிறது. எரிந்தவற்றில் ஒன்று அண்ணிகேரியில் பூதுகனின் கங்க மரபு எழுப்பிய பசதி, அதாவது சமணக் கோயில். அந்தப் பாவத்துக்குத்தான் சோழன் தன் தலையைச் சோமேசுவரனிடம் கொடுத்துப் போனான் என்று முடிக்கிறது கல்வெட்டு. ராஜாதித்தன் தலைக்குப் பரிசாகப் போன நாடு, அங்கே கங்கர் எழுப்பிய கோயில், நூறு ஆண்டுகள் கழித்து அதற்குத் தீ வைத்த சோழன், அவனும் யானை மேல். பழிவாங்கப் போனானா என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஊர்களின் பெயரைக் கோத்துப் பார்த்தால் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

நேரில் பார்க்க விரும்பினால் தக்கோலம் ஒரு பகல் பயணம்தான். அரக்கோணம்–செங்கல்பட்டு ரயில் பாதையிலேயே நிலையம் இருக்கிறது. ஜலநாதீசுவரர் கோயிலைப் பார்க்கலாம், அங்கே உள்ள தட்சிணாமூர்த்தி தனி அழகு. போர்க்களம் என்று காட்ட ஒன்றும் இல்லை. வயலும் தைலமரமும்தான். பக்கத்தில் உள்ள மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைப் பயிற்சி மையத்துக்கு 2025-இல் ராஜாதித்த சோழன் பெயரை வைத்திருக்கிறார்கள்.

நேரம் இருந்தால் திருவல்லத்துக்கும் மேல்பாடிக்கும் போய்விட்டு வாருங்கள். திருவல்லம்தான் 911 சண்டை நடந்த வல்லாளம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், பொன்னையாற்றங்கரையில் மேல்பாடி. 959-இல் மூன்றாம் கிருஷ்ணன் பாளையம் இறங்கியிருந்த ஊர் அது. தெற்கே வென்ற நாடுகளைத் தன் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்ததாக அவனுடைய கர்ஹாட் செப்பேடு அந்த ஊரிலிருந்தே சொல்கிறது. இப்போது அங்கே சின்னதாக, கச்சிதமாக ஒரு கற்கோயில் நிற்கிறது. ராஜாதித்தனின் தம்பி அரிஞ்சயனுக்கு, ஆற்றூர் துஞ்சின தேவருக்கு, அவன் பேரன் ராஜராஜன் நினைவுக் கோயிலாக எடுத்த பள்ளிப்படை அது.